ஒன்பது மணிக்குக் கூப்பிட வேண்டும்

ஃபோனில் பேசும்போது முகத்தில் சிரிப்பு இருக்க வேண்டும், ஐயா. எதிர்முனையில் இருப்பவர் முகத்தைப் பார்க்கப்போவதில்லை என்றாலும் குரல் காட்டிக்கொடுத்துவிடும். பதினாறு வருடமாக ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். வலியோடு கூப்பிடுகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுப்பது என் வேலை. "உங்க குரலைக் கேட்டாலே பாதி வலி போயிடுதும்மா" என்று சொன்னவர்கள் உண்டு.

தம்பியைப் பற்றிக் கேட்டீர்கள். அவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். இரண்டு வருடத்துக்கு முன் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பில் அடி. வலிக்குக் கொடுத்த மாத்திரையை வலி போன பிறகும் அவனால் விட முடியவில்லை. இரண்டு நாலானது, நாலு பத்தானது. வேலை போனது. அவன் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போனாள். போகும்போது என்னிடம், "அண்ணி, அவர் தெளிஞ்சு வரட்டும், அன்னிக்கே நாங்களும் வந்துடுவோம்" என்றாள். நல்ல பெண். அவள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அவன் என் வீட்டுக்கு வந்தான். அம்மா இறந்தபோது அவனுக்கு ஆறு வயது. நான்தான் வளர்த்தேன், அதில் எனக்குக் கல்யாண வயது போய்விட்டது. கல்யாணம் ஆனதும் அவன் வருடத்துக்கு இரண்டு முறை வருவான், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே பேசிவிட்டுப் போவான். இப்போது கை நடுங்கி, என் கையால் சாப்பிட்டான். வெந்நீர் வைத்து உடம்பு துடைத்துவிட்டேன். மாத்திரையை அலமாரியில் பூட்டி, நேரத்துக்கு நானே எடுத்துக் கொடுத்தேன். சின்னச் சின்ன உதவிகளைத்தான் கடவுள் பார்க்கிறார் என்று நம்புகிறவள் நான். தினமும் அவருக்கு நன்றி சொன்னேன். எதற்கு என்று அப்போது யோசிக்கவில்லை.

மறுவாழ்வு மையத்துக்குப் போக வேண்டும் என்று கேட்டது அவன்தான். "முடியலக்கா, எங்கேயாவது சேர்த்து விட்டுடு" என்று தரையில் உட்கார்ந்து என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். ஏழு இடம் விசாரித்தேன். ஒன்றில் ஜன்னலுக்கெல்லாம் பூட்டு, இன்னொன்றில் டாக்டரே இல்லை. எட்டாவது இடம் மனதுக்குப் பிடித்தது. அங்கே ஃபோனில் பேசிய அம்மாள் பொறுமையாக மூன்று விஷயம் சொன்னாள். "நீங்களா திடீர்னு நிறுத்தாதீங்க. மாத்திரையை மொத்தமா அவர் கையில விட்டுடாதீங்க. மனசு உடைஞ்சிருக்கிற நாள்ல தனியா விடவே விடாதீங்க." ஒரு அட்டையில் அழகாக எழுதி, கண்ணாடி ஓரத்தில் செருகி வைத்தேன்.

அங்கே இருபது படுக்கைதான். வரிசையில் காத்திருக்க வேண்டும். தினமும் காலை ஒன்பது மணிக்கு வீட்டார் ஒருவர் கூப்பிட வேண்டும். நோயாளி கூப்பிட்டால் செல்லாது. வீட்டில் துணை நிற்க ஆள் இருக்கிறதா என்று பார்க்கிறார்களாம். ஒரு நாள் தவறினால் பெயரை எடுத்துவிடுவார்கள்.

வரிசையில் பதினாலாவது இடத்தில் தொடங்கினோம். பன்னிரண்டாம் நாள் இரண்டாவது இடம். "நாளைக்குக் கூப்பிடுங்க, படுக்கை காலியாகுது" என்றாள் அந்த அம்மாள். அவன் தன் சட்டைகளைத் தானே மடித்து வைத்தான். மனைவியைக் கூப்பிட்டுப் பேசினான். அடுத்த அறையிலிருந்து அவன் சிரிப்பதைக் கேட்டேன். பிறகு என்னிடம் வந்து, "இனி உன் கையால ஊட்டிவிடுற வேலை இல்லக்கா, உனக்கும் விடுதலை" என்றான்.

மறுநாள் ஒன்பது மணிக்கு ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு, யாரையும் கூப்பிடாமல் பேசினேன்.

அது கஷ்டமில்லை. எதிர்முனை பேச எவ்வளவு நேரம் விட வேண்டும், எங்கே "சரிங்க" சொல்ல வேண்டும் என்பதெல்லாம் என் தொழில். "ஏழாம்டா" என்றேன். "நேத்து ரெண்டுன்னாங்களே?" என்றான். உயிருக்குப் போராடுகிறவர்களை முன்னால் சேர்த்தார்களாம் என்றேன். "அப்போ நான் என்ன பண்றேனாம்?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கப் பார்த்தான். இப்படிப் பதினெட்டு நாள். ஐந்து என்பேன், எட்டு என்பேன். அவன் மடித்து வைத்த சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டான்.

ஒருநாள் நான் வேலையில் இருந்தபோது அவனே மையத்துக்குப் போயிருக்கிறான். துவைக்க எடுத்த சட்டைப் பையில் அவர்கள் கொடுத்த சீட்டு இருந்தது. புது எண் பத்தொன்பது. அதன் கீழே, முன்பதிவு பதின்மூன்றாம் நாள் நீக்கப்பட்டது, வீட்டார் அழைக்கவில்லை என்று எழுதியிருந்தது. சீட்டைப் பையிலேயே வைத்துச் சட்டையைத் திரும்ப மாட்டினேன்.

மறுநாள் காலை முகம் மழித்துக்கொண்டு வந்து, நாற்காலியை எனக்கு எதிரில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"போன் பண்ணுக்கா."

அன்று நிஜமாகவே கூப்பிட்டிருக்கலாம். எண் என் விரலிலேயே இருந்தது. எப்போதும்போலப் பேசினேன். "நாலாம்டா" என்றேன்.

எழுந்து நாற்காலியைத் திரும்ப அதன் இடத்தில் போட்டான். "அந்தப் பக்கம் ஆள் இருக்கிற மாதிரியே பேசுறக்கா" என்றான். கோபமே இல்லை. பிறகு, "இன்னிக்கு வலி தாங்கல. அலமாரி சாவிய வெச்சிட்டுப் போறியா?" என்றான்.

கண்ணாடி ஓரத்து அட்டையை ஒரு தடவை படித்தேன். சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். அன்று அவசரம் என்று வந்த நாலு பேருக்கு எப்படியோ நேரம் ஒதுக்கிக் கொடுத்தேன். வழக்கமான நேரத்துக்குத்தான் வீடு திரும்பினேன். அலமாரி திறந்து கிடந்தது, மாத்திரை டப்பா காலி, அவன் உடம்பு ஜில்லிட்டிருந்தது.

தெரிந்தே செய்தேனா என்று கேட்கிறீர்கள். தெரிந்தேதான். சாவியை வைக்கும்போதே தெரியும். அந்த மையத்துக்குப் போயிருந்தால் குணமாகி அவளிடம் போயிருப்பான். இப்போது என் வீட்டிலிருந்து போனான். கடைசியாகப் பேசியதும் என்னிடம்தான்.

ஆனால் அவனை நான் கைவிட்டேன் என்று மட்டும் வாக்குமூலத்தில் எழுதாதீர்கள். அதற்கு மறுநாளிலிருந்து மையத்தை உண்மையாகவே கூப்பிடுகிறேன். தவறிய அந்த ஒரு நாளுக்கு அந்த அம்மாளிடம் கெஞ்சி மன்னிப்பு வாங்கினேன், பிறகு ஒரு நாளும் தவறவில்லை. பத்தொன்பது இப்போது மூன்றாகிவிட்டது. "இப்படி ஒரு அக்கா கிடைக்க அவர் கொடுத்து வெச்சிருக்கணும்" என்கிறாள் அந்த அம்மாள்.

மணி ஒன்பதாக ஐந்து நிமிடம் இருக்கிறது, ஐயா. அந்த ஃபோனைக் கொஞ்சம் தருகிறீர்களா? இன்று கூப்பிடாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள்.