சுகிர்தத்தின் தக்காளிச் செடிகள்

போதகர் ஐயா, வீட்டுத் தோட்டத்தில் தக்காளி வளர்ப்பது அப்படியொன்றும் கடினமான காரியம் இல்லை. காலை வெயில் படவேண்டும். தண்ணீரை அடியில் மட்டும் ஊற்றவேண்டும். கணுவில் முளைக்கும் வேண்டாத தளிர்களைக் கிள்ளிவிடவேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னதாக, செடியைத் தொடுமுன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவவேண்டும். முப்பத்தொரு வருடம் விவசாயம் படிப்பித்தவன், அதனால் இதிலிருந்துதான் எனக்குத் தொடங்க வருகிறது. மகளைப் பார்க்க நீங்கள் அடுத்த கிழமை கனடா போவதாக ஆராதனையில் அறிவித்தார்கள். போகுமுன் சிலவற்றை நீங்கள் அறிந்திருப்பது நல்லது.

என் பக்கத்து வளவுச் சுகிர்தத்தை உங்களுக்குத் தெரியும். கணவரை இழந்தவள், மகன் றொபின் ரொறன்ரோவில். உங்களோடு கதைக்கும்போது 'அவர்' என்றுதான் சொல்லுவேன். எழுதும்போது 'அவள்' என்றே வருகிறது, அப்படியே விட்டுவிடுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் அவள் இருபது தக்காளிக் கன்று நட்டாள். ஒருநாள் வேலிப் பொட்டு இடைவெளியில் நின்று கூப்பிட்டாள்.

"மாஸ்டர், ஒருக்கா இஞ்சாலை வாறியளோ? இலை மஞ்சளாகுது."

தண்ணீர் கூடிப்போயிருந்தது, அவ்வளவுதான். சொல்லிக் கொடுத்தேன். கை கழுவத் தண்ணீரும் பனங்கட்டியோடு தேத்தண்ணியும் தந்தாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன், நான் பாடிக்கொண்டிருந்தேன். என் மனைவி மிரியம் போன பிறகு அந்த வீட்டில் யாரும் பாடியதில்லை.

பத்து நாள் தினமும் கூப்பிட்டாள். பிறகு செடிகள் தேறிவிட்டன. பதினெட்டு நாள் கூப்பிடவில்லை. ஓர் ஆசிரியனாக நான் பெருமைப்பட்டிருக்கவேண்டும்.

பத்தொன்பதாம் நாள் அருளம்பலத்தாரிடம் போனேன். பண்டத்தரிப்பில் அவருடைய புகையிலைத் தோட்டம் தெரியாதவர் இல்லை. காய்ந்த இலை இரண்டு கேட்டதும் சிரித்தார்.

"மாஸ்டர், உதென்ன புதுப் பழக்கம்? சுருட்டோ?"

"இல்லை அண்ணை, ஒரு பரிசோதனை."

பொய் சொல்லவில்லை. புகையிலையும் தக்காளியும் ஒரே குடும்பம். புகையிலையில் ஒரு நோய் உண்டு, காய்ந்த இலையிலும் வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும், மனிதர் கைவழியே தக்காளிக்குத் தாவும். பிறகு மருந்தே இல்லை. அதனால்தான் முதலில் கை கழுவச் சொன்னேன். சுகிர்தத்துக்கு அந்தப் பாடத்தை மட்டும் நான் நடத்தவில்லை.

சட்டைப்பைக்குள் இலையைக் கசக்கியபடி அவள் வளவுக்குப் போனேன். ஒரேயொரு செடியில் ஒரேயொரு தளிரைக் கிள்ளினேன். மற்றப் பத்தொன்பதையும் காலை காலையாகத் தடவித் தடவிக் கெடுத்தது அவளுடைய விரல்கள்தான். எனக்குக் கை கழுவத் தண்ணீர் தந்ததும் வேலை முடிந்த பிறகுதான். முன்பே தந்திருந்தால் கழுவியிருப்பேன், நான் மரியாதை தெரிந்தவன்.

இரண்டு கிழமையில் குரல் கேட்டது. "மாஸ்டர், கெதியா வாங்கோ. இலையெல்லாம் திட்டுத்திட்டா வெளிறிப் போச்சு."

எனக்கு அறுபத்தொன்பது வயது, ஐயா. அன்று தெல்லிப்பழை வீதியில் இரண்டு கையையும் விட்டுச் சைக்கிள் ஓடினேன். என்னிடம் படித்த பிள்ளைகள் கடை வாசலில் நின்று பார்த்தார்கள். நானோ மணி அடிக்கக்கூடக் கை வைக்கவில்லை. அவ்வளவு சந்தோஷம். ஒவ்வொரு பின்னேரமும் நாலு மணிக்கு முகச்சவரம் செய்து, பவுடர் போட்டுக்கொண்டு, சாகிற செடிகளைப் பார்க்கப் போனேன்.

அடுத்த இரண்டு வருடமும் அப்படியே இனிமையாகக் கழிந்தன.

இந்த வருடம்தான் கொஞ்சம் பிசகியது. செடிகள் இடுப்பளவு வளர்ந்து பூத்துக் குலுங்கின. அப்போது சொன்னாள், "றொபின் வரச் சொல்லி நிக்கிறான். இந்த முறையும் அழிஞ்சால் போயிடுவன் மாஸ்டர். மண்ணுக்கு என்னைப் பிடிக்கேல்லைப் போலை."

"காய்ச்சால்?"

"காய்ச்சால் நான் ஏன் போறன்? இந்த வளவிலைதான் சாவன்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. இனி அவள் எங்கும் போகமாட்டாள். ஆனால் செடிகள் செழிக்கச் செழிக்க என்னைக் கூப்பிட அவளுக்கு ஒன்றும் இருக்கவில்லை. பன்னிரண்டு நாள் பொறுத்தேன். நோய் வந்தால் கூப்பிடுவாள், கூப்பிட்டால், 'கனடாவுக்குப் போகவேண்டாம்' என்று நேரே கேட்டுவிடலாம் என்று யோசித்தேன். இப்போதும் அதில் பிழை தெரியவில்லை. பதின்மூன்றாம் நாள் பழையபடி இலையைக் கசக்கிக்கொண்டு அவள் வளவுக்குப் போனேன்.

அவள் இம்முறை கூப்பிடவேயில்லை. இருபதையும் தானே பிடுங்கி எரித்தாள். புகை கண்டு ஓடிப்போய், நெருப்புக்கு எட்டாமல் கிடந்த மூன்று பழங்களை எடுத்துக்கொண்டேன். "நீங்கள் பட்ட பாட்டுக்கு நான் என்ன செய்வன் மாஸ்டர்" என்று அழுதாள். நானும் அழுதேன். பங்குனியில் விமானம் ஏறினாள்.

ஆக, அவளுடைய நான்கு போகத்தையும் அழித்தவன் நான். அவளை ஊரைவிட்டு அனுப்பியவனும் நான். இதை எழுதியதும் மனம் பஞ்சுபோல ஆகிவிட்டது.

போன கிழமை வட்ஸ்அப்பில் பேசினாள். பல்கனியில் நாலு சாடி வைத்திருக்கிறாளாம், ஊர்த் தக்காளி விதை கிடைத்தால் நல்லதாம். இத்துடன் இருக்கும் சிறிய உறையில் அந்த மூன்று பழங்களின் விதை இருக்கிறது. கழுவாமல் காயவைத்தேன், விதையின் தோலிலும் அந்த நோய் இருக்கும். கையோடு கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். பெரிய திரையுள்ள புதுப் போன் வாங்கிவிட்டேன், நாலு மணிக்கு இருக்கக் கதிரையும் போட்டாயிற்று.

கொடுக்கும்போது, செடியைத் தொடுமுன் கை கழுவச் சொல்லி எட்வேர்ட் மாஸ்டர் சொன்னதாகச் சொல்லுங்கள். தக்காளி விஷயத்தில் நான் அவளுக்கு ஒருநாளும் கெடுதல் நினைத்ததில்லை.