இப்போதே அல்லது பிறகு

ஹலோ... ஹலோ, கம்ப்யூட்டர் கடைத் தம்பியா?... ஆமாப்பா, நான்தான். தொண்டையில ஆபரேஷன் ஆன சார் வீட்டம்மா... ஆமா, ஆமா, டைப் பண்ணா அவர் குரல்லயே பேசுமே, அந்தக் கம்ப்யூட்டர்தான்... எங்கப்பா பேசுது? வாயடைச்சுப் போய்க் கிடக்கு.

புதுசா மாறிடுச்சுப்பா, எல்லாமே... இல்ல, மவுஸ் வேலை செய்யுது. ஆனா எதுவும் இருந்த இடத்துல இல்ல. இடது ஓரத்துல இருந்த பட்டன் நடுவுல வந்து உக்காந்திருக்கு. ஆஃப் பண்றது எங்கன்னு தேடவே அரை மணி நேரம். கீழே ஒரு மூலையில மழை வரும்னு வேற சொல்லுது. நான் ஜன்னல் பக்கத்துலதான உக்காந்திருக்கேன், எனக்குத் தெரியாதா?... சரி, சரி, விஷயத்துக்கு வரேன்.

அந்தப் பேசுற புரோகிராமை அமுக்கினா, 'இந்தப் பதிப்பில் இயங்காது'ன்னு ஒரு பெட்டி வருது. கீழ 'சரி'ன்னு ஒரே ஒரு பட்டன். என்ன சரி? எனக்கு என்ன சரி?... ம்... ம்...

வேற குரல் இருக்குப்பா, இதுக்குள்ளயே. ஸ்டேஷன்ல ரயில் வர நேரம் சொல்ற ஆள் மாதிரி. ஞாயித்துக்கிழமை எங்க பொண்ணு போன் பண்ணா. இவர் அதுல 'சாப்டியாடா கண்ணு'ன்னு டைப் பண்ணாரு. அந்தப் பக்கம் அவ, 'யாரு பேசறது? அப்பாகிட்ட குடுங்க'ங்கறா... அப்போ மூடி வெச்சவர்தான். இப்போ ஒரு நோட்டுல எழுதிக் காட்டறாரு. 'தண்ணி'. 'ஃபேன்'. 'வேணாம்'. எங்க வீட்டுப் பேச்சு அவ்வளவுதான்.

அவர் குரல்ல முன்னாடி பதிஞ்சதா? ஆயிரத்து அறுநூறு வாக்கியம். ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு மாசம், பீரோவுக்குள்ள தலையை விட்டுக்கிட்டுப் பதிஞ்சாரு. துணிக்கு நடுவுல பேசினா எதிரொலிக்காதாம். கடைசி நாள் தொண்டை கட்டிப்போயும் விடல.

ஆங்... வேற பழைய கம்ப்யூட்டர்ல போட்டா?... அந்தப் புரோகிராம் செஞ்ச கம்பெனி அனுமதி குடுத்தாதான் திறக்குமா... கம்பெனியையே மூடிட்டாங்களா. எப்போ?... ஓ.

அப்போ இதையே பழையபடி திருப்ப முடியாதா? முடியும்னு சொல்லுங்க தம்பி... ஆமா... ஆமா... பத்து நாளுக்குள்ளயா?

மாறி இன்னியோட பன்னண்டு நாள் ஆச்சே.

...லைன்லதான் இருக்கேன்... ஏன் அன்னிக்கே கூப்பிடலன்னா...

கூப்பிட்டா, எப்படி ஆச்சுன்னு கேப்பீங்களே. தானா மாறிடுச்சுன்னு அவர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். தானா மாறல. நான்தான் அமுக்கினேன்... இல்லப்பா, கை தவறி இல்ல. அன்னிக்கு எங்களுக்குள்ள சண்டை. ஒண்ணுமில்லாத விஷயம், ஈர டவலைக் கட்டில்ல போட்டுட்டாரு. 'உனக்கு ஒண்ணும் தெரியாது'ன்னு ஒரு வாக்கியம் பதிஞ்சு வெச்சிருக்காரு. அதையே அமுக்கறாரு. நாலு தடவை, அஞ்சு தடவை, விடாம. அந்த நேரம் பாத்து, கம்ப்யூட்டரைப் புதுப் பதிப்புக்கு மாத்தவான்னு கேக்குமே, அந்தப் பெட்டி வந்து நின்னுச்சு, இப்போதேவா பிறகான்னு. ஆறு மாசமா நீங்க சொன்ன மாதிரி 'பிறகு'தான் அமுக்கிட்டு வந்தோம். அன்னிக்கு நான் குறுக்க கையை நீட்டி 'இப்போதே'ல அமுக்கிட்டேன். அது மாறி முடியற வரைக்கும், ஒரு மணி நேரமாவது வாயை மூடிக்கிட்டு இருக்கட்டும்னு.

...அழலப்பா... டாக்டராவது உயிரைக் காப்பாத்தணும்னு அவர் குரலை எடுத்தாரு. நான் ஒரு ஈர டவலுக்காக எடுத்துட்டேன்.

ஒரு நிமிஷம்... இருங்க தம்பி.

நீங்க எப்போ எழுந்தீங்க? எவ்வளவு நேரமா இங்க நிக்கறீங்க?

...கேட்டுட்டீங்களா.

ஏங்க... அப்படிப் பாக்காதீங்க. திட்டுங்க. வாயில வந்தபடி திட்டுங்க, நான் கேட்டுக்கறேன். ஏதாவது சொல்லுங்களேன்...

தம்பி, நான் வெச்சிடறேன்.