ஒரே தாளில் இரண்டு பெயர்

— குழந்தைவேலு பேரைப் போட்டா தன்லியின் ஓட்டு எம்பதும் அப்படியே நம்ம பக்கம் சாயும். கேட்டியா பிரேம்? எம்பது. பாலத்துக்கு அந்தப் பக்கம் நான் ஒரு வீட்டுப் படிகூட ஏற வேணாம்.

— சாஞ்சு?

— சாஞ்சு என்னவா? ஜெயிச்சுடலாம்ப்பா. சங்கத்து விதி உனக்குத் தெரியாததா? ஒரே தாளு, ரெண்டு பேரு. மேல தலைவர், கீழ துணைத் தலைவர். ஓட்டுப் போடறவன் ரெண்டையும் சேத்துத்தான் போடணும். மேல என் பேரு ராஜரத்தினம்னு எழுதிட்டேன். கீழ காலியாக் கெடக்கு. நாலு மணிக்குள்ள குடுக்கணும். இப்பவே ரெண்டு தாண்டிருச்சு.

— ஜெயிச்சதுக்கு அப்புறம் என்னன்னு கேட்டேன், மாமா.

— அப்புறம் என்ன, மாலை, சாப்பாடு.

— இது ஈமச் சங்கம்.

— அட, அது தெரியாமயா நிக்கறேன்.

— இங்க அலோன் துறைமுகத்துல ஒரு ஆளு செத்தா, தன்லியின்ல இருந்து குழந்தைவேலு எப்ப வந்து சேருவாரு?

— அவன் எங்க வர்றான். மாலைன்னா முதல் ஆளாக் கழுத்தை நீட்டுவான். பொணம்னா ஃபேக்டரில வேலைம்பான். நமக்கென்ன? காரியத்தை நான் பாத்துக்கறேன். ஓட்டை அவன் பாத்துக்கட்டும்.

— ஓட்டு ஒரு நாள். துணைத் தலைவர் மூணு வருஷம்.

— நான் இருக்கப்போ அவனுக்கு என்ன வேலை?

— நீங்க இல்லாதப்போ?

— நான் எங்க போகப் போறேன்?

— போன தலைவரும் அதேதான் சொன்னாரு. கொரோனா வருஷம் மோல்மேன் ஊருக்குப் போயி அங்கயே மாட்டிக்கிட்டாரு.

— ம். கொஞ்சம் லபெயே ஊத்து. தொண்டை காயுது. மீ போயி எவ்வளவு நேரமாச்சு?

— பத்து மணிக்கே கரண்டு போயிருச்சு. டீ ஃபிளாஸ்க்ல இருந்தது. சூடு இருக்காது.

— விசிறி இல்லாம உன் வீடு அடுப்பு மாதிரி இருக்கு. ஜன்னலையாவது தொறந்து வையேன்.

— திறந்துதான் இருக்கு.

— சரி, நீ படிச்சவன், சொல்லு. எனக்கு எதிர்ல நிக்கற கணேஷ்குமார் என்ன பண்ணியிருக்கான் பாரு. தனக்குக் கீழ அக்கா மகன் பேரைப் போட்டுட்டான். மாமன் தும்முனா மருமகன் மூக்கைத் துடைப்பான். அந்த மாதிரி ஒருத்தன் எனக்கும் அமைஞ்சா எவ்வளவு நிம்மதி.

— யாருக்கு நிம்மதி?

— எனக்குத்தான். எதுத்துப் பேச மாட்டான்ல.

— நீங்க தப்புப் பண்ணாலும் பேச மாட்டான்.

— நான் என்ன தப்புப் பண்றேன்?

— சும்மா கேட்டேன்.

— நீ சும்மா கேக்கறதே பிரம்பு வெச்சுக் கேக்கற மாதிரி இருக்குப்பா.

— ராணியக் கேட்டீங்களா?

— கேக்காம இருப்பேனா? கியாக்டடால அவ டியூஷன் சொல்லித் தர்ற இடத்துக்கே பஸ் புடிச்சுப் போனேன். "துணைத் தலைவரா நிக்கிறியாம்மா"ன்னேன். "கொரோனா வருஷம் வீடு வீடாப் போயி பொணம் குளிப்பாட்டுனது நானு, பேரு மட்டும் கீழயா? மேல எழுதறதா இருந்தா வாங்க"ன்னுது. இருபது புள்ளைங்க பாத்துக்கிட்டு இருக்கு. கையில சாக்பீஸு. எனக்குக் கணக்குல சைபர் போட்ட மாதிரி ஆயிருச்சு.

— அவங்க சொன்னது நியாயம்.

— நியாயம்தான். நான் மேல நிக்கணுமே.

— ஏன் நிக்கணும்?

— இது என்ன கேள்வி? பன்னண்டு வருஷமா சங்கத்துல கெடக்கேன். ரெண்டு தடவை துணைத் தலைவர். முத்திரை என் வீட்டு பீரோல. சங்கத்து வண்டிச் சாவி என் வீட்டு ஆணில. தலைவர் ஊர்ல இல்லைன்னா சுடுகாட்டுக்குப் போற கடுதாசில என் கையெழுத்து. அது இல்லாம அங்க உள்ள விட மாட்டான். இந்த வேலையில எனக்குத் தெரியாதது எது?

— அப்ப துணைத் தலைவர்னா எப்படி இருக்கணும்னும் தெரியும்.

— தெரியும். எனக்கு எது இல்லையோ அது அவன்கிட்ட இருக்கணும். எனக்கு வயசாச்சு, அவன் வாலிபனா இருக்கணும். எனக்கு பர்மா எழுத்து தடுமாறும், அவன் டவுன்ஷிப் ஆபீஸ்ல மனு எழுதித் தரணும். நம்ம புள்ளைங்க தமிழ்ல கேட்டா பர்மால பதில் சொல்லுதுங்க, அதுங்களோட பேசத் தெரிஞ்சவனா இருக்கணும்.

— அவ்வளவுதான் உங்ககிட்ட இல்லாததா?

— வேற என்ன வேணுங்கறே? சரி, சுத்தி வளைக்கல. யாரைப் போடலாம்னு கேக்க வந்தேன்னு சொன்னேன்ல, அது பொய். உன்னைக் கேக்கத்தான் வந்தேன். உன் பேரை எழுதிக்கட்டுமா?

— என் பேருக்கு எத்தனை ஓட்டு?

— ஏம்ப்பா இப்படிப் பேசறே?

— குழந்தைவேலுவுக்கு எம்பது. எனக்கு?

— நூத்திப்பத்து வரும். பொம்பளைங்க மொத்தமாப் போடுவாங்க. "சின்ன வயசுல பொண்டாட்டியப் பறிகுடுத்த புள்ள, பாவம்"னு. மறைக்க விரும்பல. எண்ணிப் பாத்துட்டுத்தான் படி ஏறுனேன்.

— ரேவதி பேருல நூத்திப்பத்து.

— அடிக்கணும்னா அடிச்சுரு.

— இல்ல. ஒத்துக்கிட்டீங்க, அது போதும். வேற காரணம் இருக்கா?

— இருக்கு. நாலு வருஷமா உன்னைப் பாக்கறேன். எந்த வீட்டுல சாவுன்னாலும் வர்றே. பாடை கட்டறே. தோள் குடுக்கறே. யார் வீட்டுலயும் ஒரு வாய் காப்பி குடிச்சதில்ல. அழுததும் இல்ல. இவன் நம்பிக்கையானவன்னு எனக்குப் பட்டுச்சு.

— அது நல்ல குணம் இல்ல, மாமா. வேற எதுவும் செய்யத் தோணல. அதனால வர்றேன்.

— எதனால வந்தா என்ன? எனக்கு அது போதும்.

— எனக்குப் போதாது. உங்களுக்குப் பதிலா நான் கையெழுத்துப் போடணும்னா, நீங்க எதை மறைச்சிருக்கீங்கன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும்.

— நான் எதைப்பா மறைச்சேன்?

— கொரோனா வருஷம். ஜூலை இருபத்தி மூணு.

— அதான் அப்பவே சொன்னேனே. தன்லியின்ல மாட்டிக்கிட்டேன். பாலத்துல செக்கிங். மறுநாள் வந்ததும் முதல் வேலையா கடுதாசி எழுதி, முத்திரை குத்தி உன் கையில குடுத்தேன். ரேவதிய ஒரு நாள் பூரா வீட்டுல வெச்சிருக்க வேண்டியதாப் போச்சு. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கு.

— நான் வந்து கதவைத் தட்டுனப்போ உங்க செருப்பு வாசல்ல கெடந்துச்சு.

— எந்தச் செருப்பு?

— தோல் செருப்பு. இடது வாரு பச்சை நூலால தெச்சது. உங்களுக்கு வேற செருப்பு கெடையாது.

— நாலு வருஷமாவா உனக்குத் தெரியும்?

— ம்.

— யார்கிட்டயும் சொல்லல.

— சொல்லி?

— கொஞ்சம் இரு. உள்ளதான் இருந்தேன், பிரேம். கதவுக்கு இந்தப் பக்கம், உனக்கும் எனக்கும் ஒரு பலகைதான் நடுவுல. மக நெறைமாசம். வீடு ஒரே ரூம். "தொறந்தீங்கன்னா புள்ளத்தாச்சிக்கு ஒட்டிக்கும்"னு என் பொண்டாட்டி லுங்கியப் புடிச்சுக்கிட்டு நிக்கறா. நீ "மாமா, மாமா"ன்னு ரெண்டு வாட்டி கூப்பிட்டே. ரேவதி போன சேதி சாயந்திரம் வந்தப்பதான், ஓ, கடுதாசிக்கு வந்திருக்கான்னு புரிஞ்சுது. மூணாவது வாட்டி கூப்பிட்டிருந்தாத் தொறந்திருப்பேன்னு எனக்கு நானே சொல்லிக்குவேன். தொறந்திருக்க மாட்டேன். அதான் நெசம்.

— என்ன குழந்தை பொறந்தது?

— பேத்தி. நாலு வயசாகுது. அது "தாத்தா"ன்னு கதவைத் தட்டும்போதெல்லாம் ரெண்டாவது தட்டுக்குள்ள ஓடிப் போயி தொறந்துருவேன்.

— நல்லா இருக்கால்ல?

— இருக்கா. வாய் ஓயாது.

— சரி.

— இந்தத் தாளைக் கிழிச்சுடறேன். கணேஷ்குமாரே வந்துட்டுப் போகட்டும். எனக்கு எதுக்கு இந்த வெக்கங்கெட்ட ஆசை.

— கிழிக்காதீங்க.

— எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நிக்கச் சொல்றே?

— கணேஷ்குமார் வீட்டுக்கும் ஒரு கதவு இருக்கு. அவருக்கும் பயம் வரும். அன்னைக்கு அக்கா மகன் வாசல்ல நின்னு, "மாமா ஊர்ல இல்ல"ன்னு சொல்லி அனுப்பிருவான்.

— குழந்தைவேலு?

— அவரு உங்களைக் கேக்கவே மாட்டாரு. நீங்க சொன்னதை நம்பிட்டு தன்லியின்லயே இருப்பாரு.

— நீ?

— நான் நம்ப மாட்டேன். செருப்பைப் பாப்பேன். உங்ககிட்ட இல்லாதது வயசோ பர்மா எழுத்தோ இல்ல, மாமா. கீழ எழுத வேண்டியது உங்களை நம்பாத ஒருத்தன் பேரு. எழுதுங்க.

— நெசமாத்தான் சொல்றியா?

— இந்தாங்க பேனா. மணி மூணு ஆகப் போகுது. சைக்கா ரிக்ஷா கெடைக்கணும்.

— எழுத்து கோணுது.

— கோணட்டும்.

— பிரேம்நாத். எழுதிட்டேன். உன் பொண்டாட்டி பொணத்தை ஒரு நாள் காக்க வெச்சவன் நானு. எனக்குப் போயி இவ்வளவு பெரிய மன்னிப்பா?

— மன்னிப்புன்னு நான் சொல்லல. ஒண்ணு மட்டும் கேக்கறேன். முத்திரை எப்பவும் போல உங்க வீட்டுலயே இருக்கட்டும். வண்டிச் சாவி இனிமே என் வீட்டுல இருக்கும்.

— முத்திரையக் கேளு, நியாயம். அன்னைக்கு நீ அதுக்குத்தானே வந்து நின்னே. சாவி எதுக்கு?

— அன்னைக்கும் சாவிக்குத்தான் வந்தேன், மாமா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக. ரேவதிக்கு அப்ப மூச்சு இருந்துச்சு.