லோஜினியின் மழைக் கொப்பி

இராஜம்: மெதுவா பெரட்டுங்க... தாளு ஒட்டிக்கிட்டு இருக்கு.

ஐயாவு: தெரியும்டி. நான்தானே காய வச்சேன்.

இராஜம்: பத்து வருசம் தோட்டத்து ஆபீஸ்ல நின்னீங்களே, அந்த இங்கிலீச வச்சு வாசிங்க. நம்ம புள்ள என்ன எழுதியிருக்கா?

ஐயாவு: எல்லாம் மழைக்குப் பேரு. துரை பங்களாவுல தூக்கிப் போட்ட பழைய டிக்ஷனரியில பொறுக்குனது.

இராஜம்: வெள்ளைக்காரனே மறந்துபோன பேருன்னு சொல்லிச் சொல்லி சிரிப்பா...

ஐயாவு: இது ‘மிஸல்’. தூத்தல். அடுத்தது ‘ஸெரீன்’... மேகமே இல்லாம, பொழுது சாஞ்சதும் விழுற பொடி மழை.

இராஜம்: அப்படியும் ஒரு மழையா! நான் கண்டதில்ல.

ஐயாவு: ‘லெட்டி’. வெளி வேலைக்கு விடாத மழை. பக்கத்துல... ‘அப்பாவுக்குப் புடிச்சது’ன்னு—

இராஜம்: பொய் சொல்லாதீங்க!

ஐயாவு: சத்தியமா. இங்க பாரு.

இராஜம்: சரியாத்தான் எழுதியிருக்கா. மழைன்னா ரப்பர் மரத்துல பால்வெட்டு இல்லன்னு போர்வைய இழுத்துக்குவீங்க. அவதான் காலப் புடிச்சு இழுப்பா...

ஐயாவு: எழுத்து மங்குது... கண்ணத் தொடச்சுக்கிறேன், இரு.

இராஜம்: அழாதீங்க. அழுதா வாசிக்க ஏலாது.

ஐயாவு: முப்பத்தோரு நாளாச்சு ராஜம். நாம அரிசி வாங்க கடைக்குப் போன நேரமா பார்த்து மலை சரியணுமா? வீட்டுல ஒத்தையில கெடந்தாளே...

இராஜம்: அடுத்த தாளப் பெரட்டுங்க.

ஐயாவு: பென்சில்ல எழுதுனதால இந்தக் கொப்பியாவது மிஞ்சுச்சு.

இராஜம்: கடைசிப் பக்கத்த வாசிங்க.

ஐயாவு: அதுல... ஒன்னும் இல்ல.

இராஜம்: ஒன்னுமே இல்லியா?

ஐயாவு: வெறும் தாளுதான். சேறு பட்டிருக்கு. மூடி வச்சுருவோம்.

இராஜம்: கைய எடுங்க.

ஐயாவு: வேணாம் ராஜம்... சொன்னா கேளு.

இராஜம்: அந்தப் பக்கம் முழுக்க தமிழுங்க. அத நான் நேத்தே வாசிச்சிட்டேன். ‘இந்த மழைக்கு இன்னும் பேர் கிடைக்கல. பயமா இருக்கு. மாவனல்லையில் தன் வீட்டுக்கு வந்து தங்கச் சொல்லி தோழி ஹிமாயா கூப்பிட்டாள். வயசுப் பிள்ளை அடுத்தவங்க வீட்டில் தங்கக் கூடாதென்று அம்மா விடல.’ ஒரு தடவ... ஒரே ஒரு தடவ வாய் விட்டு என்னைய ஏசிருங்க.