குடம் சுமந்தவ

இல்லக்கா, ஜன்னலோரம் நீங்களே இருங்க. எனக்கு இங்கன போதும். பையில என்னன்னா கேக்கிய? பி.ஏ. ஹிஸ்டரி புக்கு. மில்லுக்குப் போறவளுக்கு எதுக்கு ஹிஸ்டரின்னு தோணும். பரீட்ச பாக்கி இருக்குக்கா.

இதுல ஒரு கத வருது. கிரீஸுக்கு வடக்க, பால்கன் நாட்டுப் பக்கம், பையோனியர்னு ஒரு சனம். ஆத்தங்கரையில அதுபாட்டுக்குப் பொழச்சுக் கெடந்திருக்கு. அதுல அண்ணந்தம்பி ரெண்டு பேருக்குத் தன் சனத்தத் தானே ஆளணும்னு ஆச. என்ன செஞ்சானுவ தெரியுமா? பாரசீக ராசா தயவு கெடைக்கணும்னு, தங்கச்சிய நல்லா உடுத்தவச்சு அவன் முன்னால நடக்க விட்டானுவ. தலையில தண்ணிக்கொடம், கையில குதிரக்கயிறு, நடந்துக்கிட்டே நூலும் நூக்குதா. ராசா மலச்சுப்போயி, ஒங்கூருப் பொம்பளைக எல்லாருமே இப்படித்தானான்னு கேட்டான். எல்லாருந்தான்னானுவ. அவ்வளவுதான். அந்தச் சனத்தப் புள்ளகுட்டியோட பேத்துக் கடலுக்கு அந்தப் பக்கம் கொண்டாங்கன்னு உத்தரவு போட்டுட்டான்.

பாவமா? எனக்கு வயிறு எரியுதுக்கா.

எங்க அண்ணன் சுடலைமணி வடகரையில பீடிக்கட வச்சிருக்கான். எங்க தெருப் பொம்பளைகளுக்குப் பீடி சுத்த எலயும் தூளும் குடுக்கது அவந்தான். சீசனுக்குக் குத்தாலம் வந்த மில்லு மொதலாளி ஒருத்தர அவனும் சின்னண்ணனும் காருல கூட்டியாந்தாங்க. அன்னைக்குக் காலையில, புதுச்சேலைய உடுத்திட்டுத் தெருக்கொழாயில ரெண்டு கொடம் தண்ணி எடுத்துட்டு வாட்டின்னான். வீட்டுக்குள்ளயே கொழா இருக்கு. ஏன்னு நான் கேக்கல. அண்ணன் சொன்னா எடுப்பேன். பொறவு வாசல்ல ஒக்காந்து பீடி சுத்தச் சொன்னான். சுத்துனேன். மொதலாளி பாத்துக்கிட்டே நின்னாரு.

மறுவாரம் தெருவுல ஒருத்திக்கும் எல கெடையாதுன்னுட்டான். வேல வேணும்னா கோயம்புத்தூர்ப் பக்கம் மில்லு இருக்கு, ஆஸ்டல் இருக்கு, கெளம்புங்கங்கான். ஆள் அனுப்புத ஏஜெண்டு இப்ப அவனுவதான். இந்தப் பாடத்த நான் படிச்சது அதுக்குப் பொறவு.

ஆமாக்கா, பஸ்ஸுல பின்னால இருக்கது பூரா எங்க தெருதான். நானும் கூட்டுன்னு நெனைக்காவ. தென்காசியில ஏறுனதுலேருந்து ஒருத்தியும் எங்கூடப் பேசல.

அந்தப் பையோனியர் சனம் பொறவு ஊரு திரும்பிச்சாம். அண்ணந்தம்பி பேரு ரெண்டும் எழுதியிருக்கு. அந்தப் பொண்ணு பேரு இல்ல. அவ திரும்புனாளான்னும் இல்ல.

அங்கன பின்னால ஒரு எடம் இருந்துச்சு. எங்க தெரு மூக்கம்மா மயினி அதுல அவ பையத் தூக்கி வச்சுட்டா. அதான் இங்கன வந்து ஒக்காந்தேன்.