மீன்காட்சியகத்தின் சாவியைத் திருப்பித் தந்தவருக்கு

பூட்டிய பெருங்கதவுகளின் பொறுமைமிகு புரவலரே! துருவேறிய தாழ்ப்பாள்களின் துயரறிந்த துணைவரே! சாவிக்கொத்தின் சலசலப்பாலேயே தம் வரவைச் சாற்றிடும் சான்றோரே! உணவு இடைவேளைதோறும் கைப்பேசியைக் கண்ணருகே ஏந்தி, திரையில் பூனை தாவினால் தாமும் துள்ளி, பூனை வழுக்கினால் தாமும் பதறி, பொதுக் கட்டடப் பராமரிப்புப் பிரிவு முழுவதையும் பொழுது மறக்கச் செய்த புன்னகை வேந்தரே! வணங்குகிறோம்.

இத்துடன் எங்களிடமிருந்த அடைமொழிகள் தீர்ந்துவிட்டன. தங்கள் ஓய்வு விழாவில் படிக்கும் இந்த மடலில் மேற்கொண்டு என்ன எழுதுவது என்பதில்தான் பிரிவுக்குள் பெரிய இழுபறி. பணித்திறத்தைப் பாராட்டுவதா, செய்த தவற்றைப் பாராட்டுவதா, இல்லை, ஊரையே திரட்டிவந்த அந்தப் பூனையைப் பாராட்டுவதா என்று தட்டச்சர் அக்கா கேட்டார். ஆளாளுக்கு ஒன்று சொன்னோம். சொல்லச் சொல்லக் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை. கடைசியில், நடந்ததை நடந்தபடியே சொல்வோம், பாராட்டு அதில் எங்கே இருக்கிறதோ அங்கேயே இருந்துவிட்டுப் போகட்டும் என்று முடிவாயிற்று. முகத்துக்கு நேரே புகழ்ந்தால் தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லி நழுவிவிடும் வழக்கம் தங்களுக்கு உண்டு. ஆகவே இனித் தங்களைச் "சாவி ஐயா" என்றே குறிப்பிடுகிறோம். வேறு யாரையோ பற்றிப் படிக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு தயைகூர்ந்து உட்கார்ந்திருங்கள்.

திறந்திருக்கும் கட்டடத்தின் சாவி அதன் வாயிற்காப்பாளரிடம் இருக்கும். கட்டடத்தை மூடினால்தான் சாவி எங்கள் பிரிவுக்கு வரும். மாடிப்படிக்குக் கீழே, ஒற்றை மின்விளக்குடன் இருக்கும் அந்தச் சாவி அறைக்குச் சாவி ஐயா பொறுப்பேற்றபோது, சுவரிலிருந்த கொக்கிகள் அனைத்தும் வெறுமையாக இருந்தன. வேலையே இல்லாத வேலை கிடைத்திருக்கிறது என்று வீட்டில் சொல்லிச் சிரித்தாராம். அந்தச் சிரிப்பு அதிக நாள் நிலைக்கவில்லை. படிக்கட்டில் விரிசல் என்று மணிக்கூண்டின் மேல்தளத்தை மூடினார்கள். தண்ணீர் ஒழுகுகிறது என்று பொது நீச்சல் குளத்தை வற்றவைத்தார்கள். விண்மீன்களைக் கூரையில் காட்டும் கருவி பழுதானதால் வானக் காட்சிக்கூடம் இருண்டது. நீரேற்றும் மோட்டார் நின்றது என்று மீன்களை வேறிடம் அனுப்பிவிட்டு மீன்காட்சியகத்தைச் சாத்தினார்கள். எல்லாக் கதவிலும் ஒரே அட்டை: "தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது." அந்தத் தற்காலிகத்திலேயே சாவி ஐயாவின் தலைமுடி வெளுத்துவிட்டது.

மூடிய கட்டடம் பாழாகாதிருக்க, மாதந்தோறும் அதைத் திறந்து, சன்னல்களை விரித்து, குழாய்களை ஓடவிட்டு, விசிறிகளைச் சுழலவிட்டுப் பின் பூட்ட வேண்டும். இதற்கு எங்கள் பிரிவில் காற்றுக் காட்டுதல் என்று பெயர். மற்றவர்களுக்கு இது தலைவேதனை. சாவி ஐயாவுக்கோ உறவினர் வீட்டுக்குப் போய்வருவது போல. மீன்காட்சியகத்துக்கு மட்டும் மனைவியையும் கூட்டிப்போவார். மணமான புதிதில் இருவரும் விடுமுறைதோறும் போன இடமாயிற்றே! அந்நாளில் கண்ணாடிக்குப் பின்னால் அசையாமல் கிடந்த கிழட்டு விலாங்கு மீனைக் காட்டி, அப்படியே உங்கள் பெரியண்ணன் சாயல் என்று அவர் மனைவி சொல்லப்போக, சாவி ஐயா அதன்பின் பெரியண்ணன் முகத்தை நேராகப் பார்க்கவே சிரமப்பட்டாராம். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அம்மையார் இதை மறுக்கமாட்டார்.

ஓய்வு நெருங்க நெருங்க அவருக்கு ஒரே ஏக்கம். ஒரு சாவியாவது தன் கையால் கொக்கியிலிருந்து இறங்கி, ஒரு வாயிற்காப்பாளர் கைக்குப் போக வேண்டும். வாங்கி வாங்கி மாட்டிய கை, ஒரே ஒரு தடவையாவது கொடுத்துவிட்டுப் போக வேண்டும். இதைச் சொல்லும்போது அவர் யாரையும் பார்க்கமாட்டார், கைப்பேசியில் ஓடும் பூனையைத்தான் பார்ப்பார்.

இனி அந்தத் தவறு. காற்றுக் காட்டும்போது ஒவ்வொரு கட்டடத்தையும் காணொளி எடுத்து, பிரிவின் இணையப் பக்கத்தில் அதனதன் பெயரில் ஏற்ற வேண்டும் என்று பொறியாளர் அம்மா உத்தரவிட்டார். ஏற்றினோம். ஈ காக்கைகூடப் பார்க்கவில்லை. அந்த மாதம் சாவி ஐயா நீச்சல் குளத்தைத் திறந்தபோது, வற்றிய குளத்துக்குள் ஒரு காதறுந்த செம்பட்டைப் பூனை. ஆழம் குறைந்த பக்கத்திலிருந்து நீலத் தரையோட்டின்மேல் பிட்டத்தை ஊன்றிச் சறுக்கி ஆழத்தில் போய் விழுகிறது. ஒன்றும் நடக்காததுபோல் முகத்தைத் துடைத்துக்கொள்கிறது. ஏறிவந்து மறுபடி சறுக்குகிறது. ஊரார் பூனைகளை ஊண் உறக்கம் மறந்து பார்த்தவருக்குத் தன் பொறுப்பிலேயே ஒரு பூனை! மெய்ம்மறந்து படம் பிடித்தார். மெய்ம்மறந்தே ஏற்றினார். ஏற்றும்போது பெயர் மட்டும் "மீன்காட்சியகம்" என்று விழுந்துவிட்டது.

நீலத் தரையோடுகளைப் பார்த்தவர்கள் அதை மீன் தொட்டி என்றே நம்பினார்கள். மீன் போன இடத்தில் பூனை குடியேறிவிட்டது என்று ஊர் முழுக்கச் சிரிப்பு. சிரித்தவர்கள் அடுத்து நினைவுகளைக் கொட்டத் தொடங்கினார்கள். பச்சை வெளிச்ச நடைவழியில் அப்பாவின் கையை விட்டுவிட்டு வேறொருவர் கையைப் பிடித்து நடந்த கதை ஒருவருக்கு. விலாங்கைப் பார்த்து மூன்று நாள் சோறு இறங்காத கதை இன்னொருவருக்கு. இன்னுமா அதைத் திறக்கவில்லை என்று அத்தனை பேரும் வியந்தார்கள். இத்தனை நாள் எங்கிருந்தார்கள் இவர்கள் என்று நாங்கள் வியந்தோம். கேள்வி நகராட்சித் தலைவர்வரை போயிற்று. மோட்டாரைச் சரிசெய்து, முன்கூடத் தொட்டிகளில் மீன் விட்டு, மீன்காட்சியகத்தைத் திறக்க ஆணை வந்தது. அதுவும் சாவி ஐயா ஓய்வு பெறுவதற்கு முந்தைய வாரத்திலேயே!

ஆணை வந்த அன்று அவர் நடந்த நடையை யாரும் மறக்கமாட்டோம். கால் தரையில் படவில்லை. திறப்புக்கு முதல் நாள்தான் பொறியாளர் அம்மா காணொளியை நிதானமாகப் பார்த்தார். குளத்தின் இறங்குபடியும் கைப்பிடியும் மூலையில் தெரிந்துவிட்டன. சாவி அறைக்கு வந்தவர், தெரிந்து செய்தீர்களா, தெரியாமல் செய்தீர்களா என்று கேட்டார். சாவி ஐயா காணொளியை இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தார்.

"எனக்கும் அதுதான் மேடம் புரியல. படம் எடுத்தது குளத்துல. ஆனா மனசுல மீன்காட்சியகம்தான் இருந்துச்சு. அது எப்பவும் இருக்கும்."

அவர் முகத்தில் பொய் இல்லை. எங்களுக்கோ தலை சுற்றியது. இப்போது உண்மையைச் சொன்னால் திறப்பே நின்றுபோகலாம். அந்தச் சாவி மீண்டும் கொக்கிக்கே வந்துவிடும். ஓய்வு பெறும்வரை வாயைத் திறக்க வேண்டாம் என்று பொறியாளர் அம்மாவே கெஞ்சினார். கணக்கர் ஒருபடி மேலே போய், பூனையையே மீன்காட்சியகத்துக்கு மாற்றிவிடுவோம் என்று கூடையுடன் குளத்துக்குள் இறங்கினார். இரண்டு கைகளிலும் கட்டுடன் திரும்பிவந்தார். சாவி ஐயாவோ அன்று முதன்முறையாக உணவு இடைவேளையில் கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

மறுநாள் காலை வாசலில் கூட்டம் நெரிந்தது. புதிய வாயிற்காப்பாளராக வந்திருந்த பெண்ணின் கையில் சாவி ஐயா சாவியை வைத்தார். வைத்துவிட்டு, வைத்த கையை இன்னது செய்வதென்று தெரியாமல் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார். தலைவர் உரையாற்றி முடித்ததும், யாரும் அழைக்காமலே சாவி ஐயா ஒலிவாங்கி முன்னால் போய் நின்றார்.

"பூனை இங்க இல்லீங்க. அது நீச்சல் குளத்துல இருக்கு. பேரு மாத்திப் போட்டது நான். பூனைக்காக வந்தவங்க என்னை மன்னிச்சுக்கோங்க. மீன் கொஞ்சம்தான் இருக்கு, ஆனா இருக்கு."

கூட்டம் திகைத்தது. தலைவர் பொறியாளர் அம்மாவைப் பார்த்தார். பொறியாளர் அம்மா எங்களைப் பார்த்தார். நாங்கள் கூரையைப் பார்த்தோம். சிலர் முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போனார்கள். பூனை இல்லையா என்று குழந்தையொன்று அழுதது. பிறகு யாரோ ஒரு பெரியவர், வந்ததுதான் வந்தோம், உள்ளே போய்ப் பார்த்துவிட்டுப் போவோமே என்றார். அவர் பின்னால் இன்னும் சிலர் நகர்ந்தார்கள். பிறகு வரிசையே நகர்ந்தது. மூன்றே தொட்டிகளில்தான் நீர் இருந்தது. மூன்றின்மேலும் மூக்குகள் அப்பிக்கிடந்தன. தலைவர் கோபமாக இருக்கிறாரா, மகிழ்ச்சியாக இருக்கிறாரா என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. குளத்தையும் திறக்கச் சொல்லி இப்போது கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். அது குளத்துக்காகவா, பூனைக்காகவா என்பதும் தெரியாது.

அன்று மாலை மூடும் மணி அடித்தது. எல்லாரும் வெளியேறினார்கள். வாயிற்காப்பாளர் கதவைச் சாத்திப் பூட்டினார். பக்கத்தில் நின்ற சாவி ஐயா, பழக்க தோஷத்தில், சாவியை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். மூடிய கதவின் சாவி அந்தக் கைக்குத்தானே இத்தனை காலமும் வந்திருக்கிறது!

"சாவி என்கிட்டயே இருக்கட்டும் சார். காலையில திறக்கணும்ல."

அவ்வளவுதான் அந்தப் பெண் சொன்னார். சொல்லிவிட்டுத் தன் பைக்குள் சாவியைப் போட்டுக்கொண்டு நடந்தார். நீட்டிய கை நீட்டியபடியே இருக்க, நம் சாவி ஐயா தெருவில் நின்று விக்கி விக்கி அழுதார். அம்மையார் வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளும்வரை அதை மடக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

ஐயா! இதில் எது தங்கள் சாதனை, எது தற்செயல் என்று எங்களால் பிரிக்க முடியவில்லை. பிரிக்கும் முயற்சியையும் கைவிட்டோம். முழங்கால் வலியின்றி, பார்வை மங்காமல், திகட்டத் திகட்டப் பூனைகள் பார்த்து, அம்மையாருடன் நெடுங்காலம் நலமே வாழ்க! மீன்காட்சியகத்துக்குப் போகும்போது வரிசையில் நின்று, எல்லாரையும்போல் சீட்டு வாங்கி, மூடும் மணி அடித்தால் கவலையின்றி வீட்டுக்குப் போங்கள்.

பிரியமும் குழப்பமும் சம அளவில் கொண்டு,
பொதுக் கட்டடப் பராமரிப்புப் பிரிவின் ஊழியர்கள்