இரண்டு சிம்னியும் ஒன்றாகும் இடம்

கேரம் பலகையில் பவுடரைக் கொட்டி வைக்கிறவனுக்கு ஆட்டம் தெரியாது. ஒரு சிட்டிகை போதும். கை நடுங்குகிறவர்கள்தான் அள்ளிப் போடுவார்கள், காய் தானாக வழுக்கிக்கொண்டு குழியில் விழுந்துவிடும் என்கிற நப்பாசையில். நானும் ஒன்பது வருடம் அள்ளிப் போட்டவன் என்பதால் சொல்கிறேன்.

நீங்கள் கேட்பது திருமலையின் சாவைப் பற்றி. வருகிறேன் மேடம். பாதியிலிருந்து சொன்னால் வாக்குமூலம் எழுதுகிற உங்களுக்குத்தான் சிரமம்.

என் பெயர் சாலமோன். டோல்கேட்டில் மொத்தப் பாத்திரக் கடை. அப்பா நாசரேத் பக்கத்திலிருந்து வந்து வைத்தது. பகலில் கடை, சாயங்காலம் ராயபுரத்தில் எங்கள் கேரம் மன்றம். மாநில இரட்டையர் போட்டியில் நான்கு தடவை இறுதி ஆட்டம் வரை போயிருக்கிறேன். நான்கு தடவையும் கடைசிப் பலகையில், அதாவது கடைசிச் சுற்றில், என் கையே என் காலை வாரிவிட்டது. பலகையில் என் விரல்கள் அப்படித் தட்டுகின்றனவாம், மன்றத்தில் எனக்கு ‘டைப்ரைட்டர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். நானும் கூடச் சிரிப்பேன். சிரிக்கவில்லை என்றால் இன்னும் அதிகமாகச் சொல்வார்கள்.

என் ஜோடி நிதிஷ். எண்ணூர்க் குப்பம், இருபத்தேழு வயது. அவனுடைய கை கடவுள் கொடுத்த கை. ஆனால் அவனுக்கு ஒரு பலவீனம் இருந்தது, அவன் அப்பா திருமலை. அவர் ஃபைபர் படகில் தனி ஆளாகக் கடலுக்குப் போகிறவர். கரை திரும்ப அரை மணி தாமதமானாலும் நிதிஷ் ஒவ்வொரு அடிக்கும் நடுவில் போனைப் பார்ப்பான். அன்றைக்கு ஆட்டம் பாழ். மாநிலக் கோப்பை வாங்கினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அவனுக்கு வேலை கிடைக்கும், வேலை கிடைத்தால் படகை விற்றுவிடுகிறேன் என்று அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். அப்பாவைக் கடலிலிருந்து இறக்க அவன் ஜெயிக்க வேண்டும். அப்பா கடலில் இருக்கிறவரை அவனால் ஜெயிக்க முடியாது. இந்த முடிச்சை யாராவது அவிழ்க்க வேண்டும் இல்லையா?

மனவலிமைப் பயிற்சி என்று செல்போனில் ஏகப்பட்ட வீடியோக்கள் இருக்கின்றன. பொறுமையாக எல்லாவற்றையும் பார்த்தேன். இரண்டு பாடம் எடுத்துக்கொண்டேன். எதற்குப் பயப்படுகிறாயோ அதையே திரும்பத் திரும்பக் கேள், மரத்துப்போகும். இது முதல் பாடம். பதற்றம் வந்தால் கண்ணை மூடி, உனக்கு நிம்மதி தருகிற ஓர் இடத்தை மனதில் கொண்டுவா, கை தளர்ந்துவிடும். இது இரண்டாவது.

முதல் பாடத்தை இப்படிச் செய்தோம். அவன் சிவப்புக் காய்க்குக் குறிவைக்கும்போது நான் காதருகே போய், “உங்க அப்பா படகு இன்னும் கரைக்கு வரலையாம்” என்பேன். முதல் நாள் எழுந்து ஓடியே போய்விட்டான். தெருமுனை வரை துரத்திப் போய் அழைத்துவந்தேன். பத்தாம் நாள் ஸ்டிரைக்கர் மட்டும் விலகியது. ஒரு மாதத்தில் அவன் கண் இமைகூட அசையவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டான்.

“நெசமா எதுனா ஆச்சுன்னா தோள்ல கைய வை ணா. அப்பதான் நான் நம்புவேன்.”

சரி என்றேன். நியாயமான நிபந்தனைதான்.

இரண்டாவது பாடத்துக்கு அவன் தேர்ந்தெடுத்த இடம் அப்பாவின் பார். கடலடியில் இருக்கிற பாறைத் திட்டை அவர்கள் அப்படிச் சொல்வார்கள். மீன் அங்கேதான் அடையும். கரையில் தெரிகிற அடையாளங்கள் ஒரே நேர்கோட்டில் வருவதை வைத்துத்தான் அந்த இடத்தைக் குறித்துக்கொள்வார்கள். ஒவ்வொரு குடும்பமும் தன் பார் எங்கே இருக்கிறது என்பதைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கும். அண்ணன் தம்பிக்குள்கூடச் சொல்லிக்கொள்ள மாட்டார்கள், பெண்டாட்டிக்கும் தெரியாது. திருமலை தன் மகனை மட்டும் கூட்டிப்போய்க் காட்டியிருந்தார். சின்ன வயதில் அங்கே படகை நிறுத்தி அப்பாவும் பிள்ளையும் பழஞ்சோறு தின்பார்களாம். மன்றத்து மூலையில் கண்ணை மூடி உட்கார்ந்து நிதிஷ் அதைத்தான் மெல்லச் சொல்லிக்கொண்டிருப்பான். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவன் மூச்சை எண்ணுவேன்.

இறுதி ஆட்டம் புளியந்தோப்பில் ஒரு சமுதாயக் கூடத்தில், ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது. இருவர் போன்களும் என் பையில் இருந்தன, அவனுடையதை அணைத்து வைத்திருந்தேன். அதுவும் பயிற்சியில் ஒரு பகுதி. முதல் ஆட்டம் தோற்றோம், இரண்டாவதை எடுத்தோம். மூன்றாவதுக்கு முன்னால் பத்து நிமிட இடைவேளை. பையைத் திறந்தால் நிதிஷின் அம்மா மங்கம்மாவிடமிருந்து என் போனுக்கு இரண்டு அழைப்புகள். வெளியே போய்ப் பேசினேன்.

“நைனா சாலமோனு, அவுரு இன்னும் கரைக்கு வர்ல. ஒம்போதுக்கே வர வேண்டிய மன்சன். ஆறு படகு தேடப் போவுது. எந்தப் பாருக்குப் போனாருன்னு எங்களுக்கு இன்னா தெரியும்? நிதிஷாண்ட அத்த மட்டும் கேட்டுச் சொல்லு நைனா.”

அப்போது மணி பதினொன்று பத்து. போனிலும் அப்படித்தான் காட்டும், நீங்கள் பார்த்துவிட்டீர்கள்.

நான் செய்தியை மறைத்தேன் என்று எழுதாதீர்கள் மேடம். மறைக்கவில்லை. உள்ளே போய், நிதிஷின் காதருகே குனிந்து, “உங்க அப்பா படகு இன்னும் கரைக்கு வரலையாம். எந்தப் பாருன்னு கேக்கறாங்க” என்றேன். வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன். அவன் ஸ்டிரைக்கரைத் துடைத்துக்கொண்டே சிரித்தான்.

“இன்னா ணா, இன்னிக்குமா? ஆட்டம் முடியட்டும், சொல்றேன்.”

அவ்வளவு நிதானம். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. மங்கம்மாவைத் திரும்ப அழைத்தேன். “கேட்டேம்மா, ஆட்டம் முடிஞ்சதும் சொல்றேங்கறான்” என்றேன். இதிலும் பொய் கிடையாது.  அவர் போனை வைத்துவிட்டார்.

படகுகள் குத்துமதிப்பாகத் தெற்கே போயிருக்கின்றன.

பன்னிரண்டே முக்காலுக்கு ஜெயித்தோம். கோப்பையை வாங்கி, படம் எடுத்து முடித்த பிறகு நிதிஷின் தோளில் கை வைத்தேன். முதலில் சிரித்தான். பிறகு குனிந்து என் கையைப் பார்த்தான். அந்தக் கூடத்தில் அதற்கப்புறம் அவன் எப்படிக் கத்தினான் என்பதை நீங்கள் வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

அவன் இடத்தைச் சொன்னதும் படகுகள் வடக்கே திரும்பி, இரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தன. கவிழ்ந்த படகு அங்கேயேதான் கிடந்தது, நங்கூரக் கயிறு பாறையில் மாட்டி அதை நகரவிடாமல் பிடித்து வைத்திருந்தது. திருமலை தன் மணிக்கட்டைப் படகோடு சேர்த்துக் கட்டியிருந்தார். உடல் அப்போதும் விறைக்கவில்லை என்று தூக்கியவர்கள் சொன்னார்கள். தூக்கியபோது உயிர் போய் ஒன்றரை மணி நேரம்தான் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

குப்பத்தில் சந்தேகம் யார் மேல் விழுந்தது என்று உங்களுக்குத் தெரியும். கோப்பைக்காக அப்பனைக் கடலில் விட்டவன் என்று நிதிஷை யாரும் படகில் ஏற்றுவதில்லை. பெற்ற தாயே அவன் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லையாம். வேலைக்கான உத்தரவு வந்தது, அவன் கிழித்துப் போட்டுவிட்டான். நான் பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். மங்கம்மா எனக்கு இலை போட்டுப் பரிமாறினார், “நீயாவது கேட்டியே நைனா” என்று அழுதார். சாப்பிட்டேன். மறுத்தால் அந்த அம்மா மனம் நோகும்.

அங்கே என்னைச் சந்தேகமாகப் பார்த்தது ஒரே ஒரு ஆள், நிதிஷின் தங்கை வினிதா. கை கழுவுகிற இடத்தில் வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

“எங்க அண்ணன் தோள்ல எப்போ கைய வச்ச?”

ஞாபகம் இல்லை என்றேன். நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். மறுநாள் அவள் உங்களிடம் வந்துவிட்டாள்.

இடைவேளையில் ஏன் கை வைக்கவில்லை என்று நான்காவது தடவையாகக் கேட்கிறீர்கள். வைத்திருந்தால் அவன் எழுந்து போயிருப்பான். ஜோடி பாதியில் போனால் ஆட்டம் எதிராளிக்கு. அந்த வேலை, அவன் அப்பாவின் ஓய்வு, எல்லாம் போயிருக்கும். நான் அவனுக்காகத்தான் யோசித்தேன்.

அவனை எழுப்பாமலே அந்த அம்மாவுக்குப் பதில் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை. அது உங்களுக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது. வாக்குமூலம் முழுசாக இருக்கட்டும், நானே சொல்லிவிடுகிறேன். அந்த இடம் எனக்கும் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மாதம் கேட்டிருக்கிறேனே. வாசலில் நின்று மங்கம்மாவிடம் பேசியபோது அது என் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் ஆளைக் கண்டுபிடிப்பார்கள், யாராவது புளியந்தோப்புக்கு ஓடி வருவார்கள், நிதிஷ் எழுந்துவிடுவான். அதனால் சொல்லவில்லை.

மூன்றாவது ஆட்டத்தின் கடைசிப் பலகையில் சிவப்பு என் முறைக்கு வந்தது. இது என் ஐந்தாவது இறுதி ஆட்டம். கை ஆடத் தொடங்கிவிட்டது. எதிரில் இருந்த நிதிஷ் கண்ணை மூடச் சொல்லி இமையால் காட்டினான். மூடினேன். அவன் சொல்கிறமாதிரியே மனதுக்குள் சொன்னேன். ‘ரெண்டு சிம்னியும் ஒண்ணாவும். மாதா கோயில் சிலுவை தண்ணி டேங்க்குக்குப் பின்னால மறையும். அங்க எஞ்சினை நிறுத்து.’ கை நின்றுவிட்டது மேடம். ஒன்பது வருடத்தில் முதல் தடவை. சிவப்பும் விழுந்தது, அதற்கடுத்த காயும் விழுந்தது.

இன்று உங்கள் ஸ்டேஷன் படி ஏறும்போதும் லேசாக நடுக்கம் வந்தது. நின்று, கண்ணை மூடி, அதையே சொல்லிக்கொண்டேன். காகிதத்தை இப்படிக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பாருங்கள், ஒரு பிசிறுகூட இல்லை.